கைபேசியின் பூட்டும் நீதிமன்றத்தின் ஆணையும்



இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவுக்கு அரசியல் சாசனத்தைச் சார்ந்த எந்தப் பொருளையும் எடுத்துக்கொள்ளலாம் என்று பொறுப்பாளர்கள் எனக்குப் பெருந்தன்மையோடு சுதந்திரம் அளித்தார்கள். அந்தச் சுதந்திரத்தைக் கொண்டு, வகுப்பறையிலும் வெளியிலும் இந்நாளில் அடிக்கடி எழுகின்ற ஒரு கேள்வியை இன்று உங்கள் முன் வைக்கிறேன். நம் கைபேசியில் உள்ள பூட்டும் மறைகுறியாக்கமும், நீதிமன்றமே ஆணையிட்டாலும் நம் அந்தரங்கத்தைக் காப்பாற்றுமா? இக்கேள்வியைக் கேட்பவர்களில் குற்றம் செய்தவர்கள் வெகு சிலரே. வைத்தியரோடும் வழக்கறிஞரோடும் மனைவி மக்களோடும் பல வருஷங்களாகப் பேசிய பேச்செல்லாம் ஒரே கருவிக்குள் சேர்ந்து கிடக்கிறதே என்ற கவலையால் கேட்கிறவர்களே மிகுதி. ஆகையால் இதற்குப் பொறுப்போடு பதில் சொல்ல வேண்டியது நம் கடமை.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆணையைச் செல்லாததாக்கும் சக்தி எந்தப் பூட்டுக்கும் இல்லை. அந்த ஆணை யார் முன் போய் நிற்க வேண்டும் என்பதை மாற்றும் சக்தி மட்டுமே அதற்கு உண்டு. பூட்டு பலமடையப் பலமடைய, ஆணையானது கருவியைச் செய்த நிறுவனத்தை விட்டு விலகி, கருவிக்கு உடையவனை நோக்கி, அவன் விரலையும் முகத்தையும், கடைசியில் அவன் நினைவையும் நோக்கி நகர்கிறது. அங்கே அவனைக் காப்பதற்குச் சட்டம் எதை வைத்திருக்கிறது என்பதே நாம் விசாரிக்க வேண்டியது.

1. பூட்டின் இயல்பு

இன்றைய கைபேசியில் நாம் இடும் கடவு எண், திரையைத் திறப்பதற்காக மட்டும் கேட்கப்படுவதன்று. ஐபோனை எடுத்துக்கொண்டால், உற்பத்தியின்போதே அதன் செயலிக்குள் பதிக்கப்பட்டு, செய்த நிறுவனத்துக்கும் தெரியாமல் இருக்கும் ஓர் இரகசிய எண்ணும், நாம் இடும் கடவு எண்ணும் ஒன்றோடொன்று பின்னி, அவ்விரண்டின் சேர்க்கையால் பிறக்கும் சாவியைக் கொண்டே உள்ளிருக்கும் கடிதங்களும் படங்களும் மறைக்கப்படுகின்றன. நினைவகச் சில்லைக் கழற்றி வேறோர் இயந்திரத்தில் வைத்துப் படிக்க முயன்றால் பொருளற்ற எண்களே கிடைக்கும்; எந்த ஊகத்தையும் அதே கருவியில்தான் சோதித்தாக வேண்டும். ஓர் ஊகத்தைச் சோதிக்க ஏறக்குறைய 80 மில்லிவிநாடி பிடிக்கும்படி அந்தக் கணக்கு அமைக்கப்பட்டிருக்கிறது. அதன்படி 4 இலக்க எண்ணுக்குரிய 10,000 வாய்ப்புகளும் கால் மணிக்குள் தீர்ந்துவிடும். 6 இலக்கமானால் ஒரு நாளுக்குச் சற்றுக் குறைவாகப் பிடிக்கும். சிறிய எழுத்தும் எண்ணும் கலந்த 6 குறிகளானால் 5½ வருஷங்களுக்கு மேலாகும். ஆகவே குறுகிய எண்ணை வைத்திருப்பவனுக்கு உண்மையான அரண், தவறான முயற்சிகளுக்குப் பின் கருவி விதிக்கும் தாமதமும், பத்தாவது தவற்றில் எல்லாவற்றையும் அழித்துவிடும்படி நாமே விரும்பி அமைத்துக்கொள்ளும் ஏற்பாடுமே.

நிறுத்தி மறுபடி தொடங்கப்பட்ட கருவியில், கடவு எண்ணை ஒரு முறை இடும் வரையில் விரலும் முகமும் பயன்படா. பெரும்பாலான சாவிகளும் உருவாகியிரா. ஒரு முறை திறந்த பின்னரோ, திரை மூடியிருந்தாலும் பல சாவிகள் உள்ளே விழித்துக்கொண்டிருக்கும். தடயவியல் கருவிகள் அதிகம் வெல்வது இந்த இரண்டாம் நிலையில்தான். இதை உணர்ந்தே, மூன்று நாள் திறக்கப்படாமல் கிடக்கும் கைபேசி தானாகவே மறுதொடக்கம் செய்துகொள்ளும் ஏற்பாட்டை ஆப்பிள் 2024ஆம் ஆண்டிலும் கூகுள் 2025ஆம் ஆண்டிலும் கொண்டுவந்தன.

2. செய்தவனை நோக்கிய ஆணை

2014ஆம் ஆண்டு வரையில், வாரண்டோடு வரும் கைபேசியிலிருந்து சில வகைத் தகவல்களைத் தானே எடுத்துத் தரும் வசதி ஆப்பிள் நிறுவனத்திடம் இருந்தது. அவ்வாண்டு செப்டம்பரில் வெளிவந்த ஐஓஎஸ் 8 என்னும் இயங்குதளம் அந்த வசதியை நிறுவனத்தின் கையிலிருந்தே நீக்கிவிட்டது. அதன் விளைவு ஒன்றரை ஆண்டுக்குள் உலகறிய வெளிப்பட்டது.

2015 டிசம்பர் 2ஆம் நாள், கலிபோர்னியாவில் சான் பெர்னார்டினோ என்னும் ஊரில் 14 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். கொலைகாரர்களில் ஒருவன் அந்த மாவட்டத்துப் பொதுச் சுகாதாரத் துறையில் ஊழியன். அலுவலகம் அவனுக்குக் கொடுத்திருந்த ஐபோன் 5சி புலனாய்வுத் துறையான எஃப்பிஐயின் வசமாயிற்று. கருவிக்குச் சொந்தக்காரரான மாவட்ட நிர்வாகம் சம்மதித்தது, வாரண்டும் இருந்தது, அதை வைத்திருந்தவனோ இறந்துவிட்டான். சட்டத்தின் வாசல்கள் அனைத்தும் திறந்திருந்தும் கருவி மட்டும் திறக்கவில்லை. 2016 பிப்ரவரி 16ஆம் நாள் மாஜிஸ்திரேட் நீதிபதி ஷெரி பிம், அழிக்கும் ஏற்பாட்டை விலக்கி, தாமதத்தை நீக்கி, எண்களை மின்வழியே செலுத்த இடங்கொடுக்கும் ஒரு தனி மென்பொருளைச் செய்து உதவுமாறு ஆப்பிளுக்கு ஆணையிட்டார். அந்த ஆணைக்கு ஆதாரமாகக் காட்டப்பட்டது, அமெரிக்கக் குடியரசின் முதல் காங்கிரஸ் 1789ஆம் ஆண்டில் இயற்றிய பொது ஆணைகள் பற்றிய சட்டம்.

நிறுவனம் எதிர்த்தது. தன் வசம் இருப்பதைக் கொடுப்பது வேறு, இல்லாத ஒன்றைப் புதிதாகச் செய்து கொடுப்பது வேறு என்றும், ஒரு கருவிக்கென்று செய்த திறப்பு எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான திறப்பாகிவிடும் என்றும் அது வாதாடியது. அதே மாதம் 29ஆம் நாள், புரூக்ளினில் ஒரு போதைப்பொருள் வழக்கில் நீதிபதி ஜேம்ஸ் ஓரன்ஸ்டீன், 1789ஆம் ஆண்டுச் சட்டத்தை இவ்வளவு தூரம் நீட்ட முடியாதென்று தீர்ப்பளித்தார். ஆனால் சான் பெர்னார்டினோ வழக்கோ தீர்ப்பை எட்டவேயில்லை. மார்ச் 22இல் நடக்கவிருந்த விசாரணைக்கு முதல் நாள், வெளியார் ஒருவர் வழி காட்டியிருப்பதாகச் சொல்லி அரசு அவகாசம் கேட்டது. 28ஆம் நாள், கருவி திறக்கப்பட்டதென்று கூறி வழக்கைக் கைவிட்டது.

பூட்டு வென்ற கதையாக இதைப் பலர் சொல்லி வருகிறார்கள். நான் அவ்விதம் எண்ணவில்லை. கருவி திறக்கப்பட்டுவிட்டது. கருவியைச் செய்தவனை அவன் செய்ததற்கு எதிராகவே வேலை செய்யும்படி ஒரு நியாயாசனம் நிர்ப்பந்திக்கலாமா என்ற கேள்வி மட்டும் விடையின்றி நின்றுவிட்டது. அந்த ஊர்த் துயரத்தில் பெற்றோரையும் பிள்ளைகளையும் இழந்தவர்கள் உண்மையை அறிய விரும்பியதும் நியாயமே. அவர்களுக்கும் நமக்கும் பொதுவான ஒரு விடையை நீதிமன்றம் தரும் சந்தர்ப்பம் நழுவிப்போனதை நான் ஒரு நஷ்டமாகவே கருதுகிறேன்.

3. நகலை நோக்கிய ஆணை

சான் பெர்னார்டினோ வழக்கில், அந்தக் கைபேசியிலிருந்து ஐகிளவுட் என்னும் இணையச் சேமிப்புக்குச் சென்ற நகல்களை, தன்னிடம் இருந்த வரையில் ஆப்பிள் எதிர்ப்பின்றிக் கொடுத்தது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. கடைசி நகல் 2015 அக்டோபர் 19ஆம் நாளுக்குரியது. கருவிக்கு முன்பே அறிமுகமான வைஃபை இணைப்பில் அதை வைத்துப் புதிய நகலைத் தானே அனுப்பச் செய்திருக்கலாம். ஆனால் அந்தக் கணக்கின் கடவுச்சொல்லை அதிகாரிகள் அவசரத்தில் மாற்றிவிட்டதால் அந்த வழியும் அடைபட்டது.

கையில் உள்ள கருவி எவ்வளவு வலிதாகப் பூட்டப்பட்டிருந்தாலும், அதன் நகல் வேறொருவர் வீட்டில் திறந்து கிடக்குமானால், ஆணை அங்கேதான் போகும். யாரோடு எப்போது எவ்வளவு நேரம் பேசினோம் என்ற கணக்கு தொலைபேசி நிறுவனத்திடம் இருக்கிறது. வாட்ஸ்அப் செய்தி 2016 முதல் இரு முனைகளுக்கிடையே மறைக்கப்பட்டுச் செல்கிறது என்பது மெய்யே. எனினும் மறு முனையில் உள்ளவர் தம் கைபேசியைத் திறந்து காட்டிவிட்டால் அந்த மறைப்பு நமக்கு எவ்விதத்திலும் உதவாது. நகலுக்கும் உடையவனிடம் மட்டுமே சாவி இருக்கும்படியான ஏற்பாட்டை ஆப்பிள் 2022 டிசம்பரில் கொண்டுவந்தது. 2025 பிப்ரவரியில், தரவைத் திறந்து தரும் தொழில்நுட்பத் திறனை வைத்திருக்கும்படி வற்புறுத்தும் பிரிட்டிஷ் அரசின் இரகசிய அறிவிப்பைப் பற்றிய செய்திகள் வெளியான பின், அந்நாட்டில் உள்ளவர்களுக்கு அந்த ஏற்பாட்டை அளிப்பதை நிறுவனம் நிறுத்திக்கொண்டது. ஒரு பாதுகாப்பு அம்சம் இருக்கிறதா இல்லையா என்பதே எந்த நாட்டில் வாழ்கிறோம் என்பதைப் பொறுத்ததாகிவிட்டது.

4. மனிதனை நோக்கிய ஆணை

இந்த இடத்தில்தான் நான் சற்று நின்று பேச விரும்புகிறேன். நிறுவனத்தால் திறக்க இயலாது, நகலும் இல்லை என்னும் நிலை வந்தவுடன், ஆணை கருவிக்கு உடையவனைப் பார்த்து, ‘எண்ணைச் சொல்’ என்கிறது.

பிரிட்டனில் இதற்குத் தயக்கமற்ற விடை உண்டு. 2000ஆம் ஆண்டின் புலனாய்வு அதிகாரங்கள் பற்றிய சட்டத்தின் 49ஆம் பிரிவின்கீழ் அறிவிப்புப் பெற்றவன் சாவியைக் கொடுக்க மறுத்தால், சாதாரண வழக்குகளில் 2 வருஷமும், தேசப் பாதுகாப்பு, குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றம் ஆகியவற்றில் 5 வருஷமும் சிறைவாசம் பெறக்கூடும். அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் விடை மாறுகிறது: பென்சில்வேனியாவின் உச்ச நீதிமன்றம் 2019இல் எண்ணைச் சொல்ல வற்புறுத்தலாகாது என்றது, நியூ ஜெர்சியின் உச்ச நீதிமன்றம் 2020இல் வற்புறுத்தலாம் என்றது.

நம் நாட்டில் எல்லாம் சாசனத்தின் 20ஆம் ஷரத்து 3ஆம் உட்பிரிவைச் சுற்றியே நிற்கிறது. குற்றஞ்சாட்டப்பட்ட எவரையும் தமக்கெதிராகத் தாமே சாட்சியாகும்படி நிர்ப்பந்திக்கலாகாது என்பது அதன் கருத்து. 1954இல் எம்.பி. சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் 8 நீதிபதிகள், சோதனை நடத்தி ஆவணங்களைக் கைப்பற்றுவது அந்த நிர்ப்பந்தமாகாது என்றனர். 1961இல் காதி காலு ஓகட் வழக்கில் 11 நீதிபதிகள் கூடி, கைரேகையும் கையெழுத்து மாதிரியும் கொடுப்பது சாட்சியம் சொல்வதாகாது என்றும், தன் சொந்த அறிவிலிருந்து ஒரு செய்தியை வெளிப்படுத்துவதே சாட்சியம் என்றும் வகுத்தனர். 2010இல் செல்வி வழக்கில், மயக்க மருந்து கொடுத்தும் மூளை அலைகளை அளந்தும் ஒருவன் சம்மதமின்றி அவன் மனத்தினின்று செய்தியைப் பிடுங்குவது அந்த உரிமையைக் குலைப்பதாகும் என்று உச்ச நீதிமன்றம் தீர்த்தது.

இந்த மூன்று தீர்ப்புகளையும் வரிசையாக வைத்துப் படிக்கும் எவருக்கும், கடவு எண் எந்தப் பக்கத்தைச் சேர்ந்தது என்பதில் ஐயம் எழக் காரணமில்லை என்பது என் கருத்து. அது உடலில் இல்லை, காகிதத்தில் இல்லை, மனத்தில் இருக்கிறது. ஆயினும் 2021இல் கர்நாடக உயர் நீதிமன்றம், கடவுச்சொல்லைத் தருவது தானாகவே எதையும் நிரூபிப்பதில்லையாதலால் அது சாட்சியமாகாது என்றும், வாரண்டு இருந்தும் தர மறுப்பவனைப் பற்றி எதிரான அனுமானம் கொள்ள இடமுண்டு என்றும் கூறியது. 2022 அக்டோபரில் டில்லியில் சிபிஐ வழக்குகளுக்குரிய சிறப்பு நீதிமன்றம் அதற்கு மாறாக, கடவுச்சொல் மனத்திலிருந்து வருவதால் அதைச் சொல்ல வற்புறுத்த முடியாது என்றது. விசாரணை நிலுவையில் இருக்கும்போது குற்றஞ்சாட்டப்பட்டவரைக் கடவுச்சொல் சொல்லும்படி நிர்ப்பந்திக்கலாகாது என்று 2023 டிசம்பரில் டில்லி உயர் நீதிமன்றமும் கூறியது.

விரலைப் பற்றி அந்தச் சிறப்பு நீதிமன்றமே வேறு விதமாக நினைத்தது. விரலையும் முகத்தையும் வற்புறுத்திப் பெறலாம் என்றது. அமெரிக்காவில் 1988இல் வந்த ஒரு வழக்கில் நீதிபதி ஸ்டீவன்ஸ் தம் மாறுபட்ட தீர்ப்பில் சொன்ன பேதம் இதற்கு முன்னோடி: இரும்புப் பெட்டியின் சாவியைக் கொடுக்கச் சொல்லலாம், சுவரில் பதித்த பெட்டியின் எண் சேர்க்கையைச் சொல்லச் சொல்லலாகாது. கேட்பதற்குத் தெளிவான பேதம்தான். எனினும் நம் சட்டத்துக்கு அதை அப்படியே பொருத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சம்ஹிதையின் 349ஆம் பிரிவின்கீழ் மாஜிஸ்திரேட் கைரேகை மாதிரி கேட்பதும், 2022ஆம் ஆண்டின் அடையாளச் சட்டத்தின்கீழ் காவலர் கைரேகை எடுப்பதும், முன்பே கிடைத்துள்ள ஒரு தடயத்தோடு ஒப்பிடுவதற்காகவும், ஆள் இன்னார் என்று அறிவதற்காகவும் ஏற்பட்டவை. 1961இல் பதினொரு நீதிபதிகளும் மனத்தில் கொண்டிருந்தது அந்த ஒப்பீடுதான். கைபேசியின்மேல் அழுத்தப்படும் விரலோ எதனோடும் ஒப்பிடப்படுவதில்லை; அது பல வருஷத்துப் பேச்சைத் திறந்துவிடுகிறது, கூடவே ‘இக்கருவி என்னுடையது, இதைத் திறக்க என்னால் இயலும்’ என்றும் சொல்லிவிடுகிறது. 2024இல் அமெரிக்காவின் மேற்குக் கடற்கரைப் பகுதிக்குரிய ஒன்பதாம் வட்டார முறையீட்டு நீதிமன்றம் விரலைச் சாட்சியமன்று என்று தள்ளிய போதிலும், 2025 ஜனவரியில் அந்நாட்டுத் தலைநகர் வாஷிங்டனுக்குரிய முறையீட்டு நீதிமன்றம் விரலால் திறக்கச் செய்வதும் சாட்சியமே என்று ஏற்றுக்கொண்டது. நம் உச்ச நீதிமன்றத்துக்கு இக்கேள்வி வரும் நாளில், ஒப்பிடுவதற்கும் திறப்பதற்கும் உள்ள இந்த வேறுபாடு ஆழ்ந்து வாதாடப்பட வேண்டும்.

20ஆம் ஷரத்து தரும் இந்தக் கவசத்தின் எல்லையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அது குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு மட்டுமே உரியது. சாட்சியாக அழைக்கப்படும் அண்டை வீட்டாருக்கோ, செய்தியாளருக்கோ, குற்றஞ்சாட்டப்பட்டவருடைய நண்பருக்கோ அது கிடையாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள சம்ஹிதையின் 94ஆம் பிரிவு, ஆவணங்களோடு தகவல்தொடர்புக் கருவிகளையும் சேர்த்து, அவற்றைக் கொண்டுவந்து ஒப்படைக்கும்படி நீதிமன்றம் சம்மன் அனுப்பவும், காவல் நிலைய அதிகாரி எழுத்து மூலம் உத்தரவிடவும் இடங்கொடுக்கிறது. அதன் பழைய வடிவம் குற்றஞ்சாட்டப்பட்டவருக்குப் பொருந்தாது என்று 1964இல் சியாம்லால் சோக்சி வழக்கில் அரசியல் சாசன அமர்வு தீர்த்திருக்கிறது. மற்றவர்களுக்கு அது முழுமையாகப் பொருந்துகிறது. நிரபராதியின் கைபேசிக்குக் குற்றஞ்சாட்டப்பட்டவனுடைய கைபேசியைக் காட்டிலும் காவல் குறைவு என்னும் இந்த நிலையை, மாணவர்களே, நீங்கள் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

5. நீதிமன்றம் காணாத ஆணை

தலைப்பில் நீதிமன்றத்தின் ஆணை என்று சொன்னேன்; ஆனால் இந்தியாவில் மறைகுறியை அவிழ்க்கச் சொல்லும் மிகப் பெரிய அதிகாரம் நீதிமன்றத்திடம் இல்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஆம் பிரிவின்கீழ் மத்திய, மாநில அரசுகளின் உள்துறைச் செயலர்களே அதைப் பிறப்பிக்கிறார்கள். உதவ மறுப்பவருக்கு 7 வருஷம் வரை சிறைவாசம் உண்டு. 2009ஆம் ஆண்டு விதிகளின்படி அந்த உத்தரவுகளைப் பரிசீலிக்கும் குழு இரண்டு மாதத்துக்கு ஒரு முறையேனும் கூட வேண்டும். அந்தக் குழுவிலும் அதிகாரிகளே அமர்ந்திருக்கிறார்கள். 2017இல் அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் ஒருமனதாக அறிவித்தபோது, அதில் தலையிடும் எச்செயலுக்கும் சட்ட ஆதாரமும், நியாயமான நோக்கமும், நோக்கத்துக்குத் தக்க அளவும் வேண்டும் என்றார்கள். அளவு தக்கதா என்பதை உத்தரவிட்ட நிர்வாகமே தீர்மானிப்பது எனக்கு மனநிறைவு தரவில்லை. நீதிமன்ற ஆணையைக் கண்டு அஞ்சுகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: எழுதப்பட்ட காரணங்களோடு, மேல்முறையீட்டுக்கு உட்பட்டு, பகிரங்கமான அவையில் பிறக்கும் ஆணை நமக்குப் பகையன்று, அது இல்லாத இடமே கவலைக்குரியது.

6. ஆணையின் அகலம்

கருவி எப்படியோ திறந்துவிட்டது என்று கொள்வோம். எதுவரை பார்க்கலாம்? 2014இல் ரைலி வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாக, கைதானவனின் சட்டைப்பையில் இருந்த கைபேசியை வாரண்டு இல்லாமல் துழாவலாகாது என்றது; பழைய காலத்தில் ஒருவன் சட்டைப்பையில் கொண்டு நடக்கக்கூடியது எதுவும் இவ்வளவு பெரியதாக இருந்ததில்லை என்பது அதன் காரணங்களுள் ஒன்று. நம் நாட்டில் 2023 நவம்பரில், ஊடகத்தாரின் கருவிகளைக் கைப்பற்றுவது பற்றிய மனுவில், எல்லையற்ற அதிகாரம் அபாயகரமானது என்று சுட்டி, வழிகாட்டுதல்களை வகுக்கும்படி உச்ச நீதிமன்றம் அரசைக் கேட்டது. அவை உருவாகும் வரையில் 2020ஆம் ஆண்டின் சிபிஐ கையேட்டை மத்திய முகமைகள் பின்பற்றும் என்று அடுத்த மாதம் அரசு உறுதி கூறியது.

ஒரு நில மோசடியைப் பற்றிய விசாரணைக்காகக் கைப்பற்றப்பட்ட கைபேசியில், அந்தக் குடும்பத்துப் பெண்ணின் மருத்துவ அறிக்கையும், மகன் தன் தோழனுக்கு எழுதிய கடிதமும், வழக்கறிஞர் சொன்ன ஆலோசனையும் சேர்ந்தே இருக்கும். தடயவியல் கூடத்தில் எடுக்கப்படும் முழு நகலில் இவையனைத்தும் போய்ச் சேர்கின்றன. சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63ஆம் பிரிவு, அந்த நகலுக்குக் கைரேகை போன்ற ஹாஷ் மதிப்பைச் சான்றிதழில் எழுதச் சொல்கிறது. நகல் திருத்தப்படவில்லை என்பதற்கு அது நல்ல காப்பு. ஆனால் வழக்குக்குச் சம்பந்தமில்லாத பகுதியை யாரும் படிக்காதிருப்பதற்கு அதில் எந்தக் காப்பும் இல்லை. எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, யாரோடு நடந்த பேச்சு, எந்த வகைக் கோப்பு என்பன வாரண்டிலேயே குறிக்கப்பட வேண்டும். வழக்கறிஞரோடும் வைத்தியரோடும் நடந்த பேச்சை, புலனாய்வில் பங்கில்லாத ஒருவர் முதலில் பிரித்தெடுத்து ஒதுக்கிவைக்க வேண்டும். மீதி நகல் எந்த நாளில், யார் முன்னிலையில் அழிக்கப்படும் என்பதும் அதே வாரண்டில் எழுதப்பட்டிருக்க வேண்டும். இவற்றைச் சட்டம் இயற்றப்படும் வரை காத்திராமல், இந்த அவையில் இருக்கும் வழக்கறிஞர்கள் தாங்கள் அடுத்துத் தாக்கல் செய்யும் மனுவிலேயே கோரிக்கையாக எழுதிக் கேட்க வேண்டும் என்று விரும்புகிறேன்.